செகண்ட் ஹேண்ட் பெர்ஃபார்மன்ஸ் செடான் வாங்கி தினமும் ஓட்டலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆக்டேவியா ஆர்எஸ், பிஎம்டபிள்யூ 330ஐ, எம்340ஐ. இந்த மூன்றில் ஒரு பெயரைச் சொல்லி, "பாதி விலைக்கு வருது, வாங்கலாமா?" என்று கேட்பவர்கள் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகிறார்கள். நண்பர்களுக்கும் அவர்களின் நண்பர்களுக்கும் பழைய கார் பார்த்துக் கொடுப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். அப்படிப் போகும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டுச் சாலை, தமிழ்நாட்டு ஆர்டிஓ, தமிழ்நாட்டு வெயில் ஆகியவற்றை மனதில் வைத்துத்தான் பதில்கள்.

எந்தெந்தக் கார்களைப் பற்றிப் பேசுகிறோம்?

நான்கு கதவு, ஐந்து பேர் உட்காரும் இடம், பெட்டி வைக்க டிக்கி. பார்ப்பதற்குச் சாதாரணக் கார், மிதித்தால் வேறு கார். நம் ஊரில் இந்த வகைக்கு முகவரி கொடுத்தது ஸ்கோடாதான். 2017-இல் வந்த ஆக்டேவியா ஆர்எஸ் 230-இல் 2 லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின், 230 பிஎஸ் (குதிரைத்திறன் போன்ற அளவு), 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. ஷோரூம் விலை 25 லட்சத்துக்குள் இருந்ததால் முதலில் ஒதுக்கிய 500 கார்களும் மளமளவென்று விற்றுப்போயின. 2020-இல் ஆர்எஸ் 245 முழுக்க இறக்குமதியாக வந்தது. மொத்தம் 200 கார்கள்தான், விலை 35.99 லட்சம்.

அதற்கு மேல் தட்டில் பிஎம்டபிள்யூ. 330ஐ-யில் 258 குதிரைத்திறன். எம்340ஐ 2021 மார்ச்சில் 62.90 லட்சத்துக்கு வந்தது. 3 லிட்டர், ஆறு சிலிண்டர், 387 குதிரைத்திறன், 4.4 விநாடியில் 100 கிலோமீட்டர் வேகம். இது செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் உள்ள பிஎம்டபிள்யூ ஆலையில் பூட்டப்பட்ட கார். மெர்சிடிஸின் ஏ35 ஏஎம்ஜி செடான், ஆடி எஸ்5 போன்றவையும் உண்டு. ஆனால் என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலானோர் முதல் இரண்டு கம்பெனிகளோடு நின்றுவிடுவதால் அவற்றையே விரிவாகச் சொல்கிறேன்.

தினமும் ஆபீஸ் போய்வர ஒத்துவருமா?

வரும். ஆனால் உங்கள் வழி எது என்பதைப் பொறுத்தது. ஓஎம்ஆரில் காலை ஒன்பது மணிக்கு ஊர்ந்து போகும்போது 387 குதிரைத்திறனும் 90 குதிரைத்திறனும் ஒன்றுதான். அந்த நேரத்தில் உங்களுக்கு வேண்டியது நல்ல ஏசி, பதமான சீட், இழுக்காத கியர்பாக்ஸ், வேகத்தடையில் உரசாத அடிப்பகுதி. இந்தக் கார்களில் முதல் இரண்டும் தாராளமாக உண்டு. மூன்றாவது, அந்தந்தக் காரின் நிலையைப் பொறுத்தது. நான்காவதுதான் சிக்கல்.

அதனால் டெஸ்ட் டிரைவ் என்றால் காலியான ஈசிஆரில் ஒரு மிதி மிதித்துப் பார்ப்பது மட்டும் போதாது. நீங்கள் தினமும் போகும் தெருவுக்கே காரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். தெருமுனை வேகத்தடையில் நான்கு பேரோடு ஏறிப் பாருங்கள். அடியில் உரசினால் அது வாரத்துக்கு ஒருநாள் இல்லை, தினமும் இரண்டு முறை உரசும். விற்பவர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் வேறு கார் பாருங்கள்.

பட்ஜெட்டை எப்படிப் போடுவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

காரின் விலை குறையும், உதிரிபாகத்தின் விலை குறையாது. 63 லட்ச ரூபாய் காரை நீங்கள் அதைவிடக் குறைந்த விலைக்கு வாங்கலாம். ஆனால் அதன் ஹெட்லைட், பிரேக் டிஸ்க், டயர், கியர் ஆயில் எல்லாமே 63 லட்ச ரூபாய் காருக்கான விலையில்தான் வரும். "இன்னோவா விலைக்கு பிஎம்டபிள்யூ" என்று வாங்கியவர்கள் இன்னோவா செலவில் ஓட்ட முடியாமல் இரண்டு வருஷத்தில் தள்ளிவிடுகிறார்கள். அப்படித் தள்ளிவிடப்படும் காரில் கடைசி இரண்டு வருஷ சர்வீஸ் நடந்திருக்காது. சந்தையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் அந்தக் கார்தான்.

கையில் இருக்கும் தொகையில் நூற்றுக்கு எண்பதுக்கு மட்டும் கார் பாருங்கள். மீதி இருபதைத் தொடாமல் வையுங்கள். நான்கு டயர், பிரேக், கியர்பாக்ஸ் ஆயில், பேட்டரி, இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் என்று முதல் வருஷத்தில் அது கரைவதற்கு நிறைய வழி உண்டு. கரையாவிட்டால் சந்தோஷம். லோன் போட்டு வாங்குபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பழைய கார் லோனுக்குப் புதுக் கார் லோனைவிட வட்டி அதிகம். இஎம்ஐ கட்டிய பிறகு சர்வீஸுக்குக் காசு இல்லை என்ற நிலைக்கு உங்களை நீங்களே தள்ளிக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதமாகி, செஸ் போய்விட்டது. புதுக் கார் விலை இறங்கியதால் பழைய காரும் அதற்கேற்ப இறங்கியாக வேண்டும். "நான் இவ்வளவுக்கு வாங்கினேன்" என்று பழைய ஷோரூம் விலையை வைத்துப் பேரம் பேசுபவரிடம், இன்று அதே கார் புதிதாக என்ன விலை என்பதைக் காட்டுங்கள்.

மாதச் செலவு எவ்வளவு ஆகும்?

பெட்ரோலை மட்டும் போட்டுப் பார்ப்போம். போகவர 40 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 1,000 கிலோமீட்டர். ஆர்எஸ் போன்ற 2 லிட்டர் டர்போ சென்னை நெரிசலில் லிட்டருக்கு 8 கிலோமீட்டர் கொடுத்தால் 125 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 12,500 ரூபாய். எம்340ஐ-யில் இன்னும் கூடும். ஹைவேயில் இதே கார்கள் ஆச்சரியப்படும் அளவுக்குச் சிக்கனமாக இருக்கும். கோயம்புத்தூர் ஓட்டத்தில் கிடைக்கும் மைலேஜைக் காட்டி "தினமும் இதுதான் கொடுக்குது" என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

1,500 சிசிக்கு மேல் உள்ள காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் பிரீமியம் மட்டுமே, 2022-இல் நிர்ணயித்தபடி, வருஷத்துக்கு 7,897 ரூபாய். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் அதைவிடப் பல மடங்கு. ஜீரோ டெப்ரிஸியேஷன் (தேய்மானம் கழிக்காமல் பாகத்துக்கு முழு விலை), என்ஜின் ப்ரொடெக்ட் (தண்ணீர் புகுந்து கெட்ட என்ஜினுக்குப் பாதுகாப்பு) இரண்டையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் ஊரில் என்ஜின் ப்ரொடெக்ட் இல்லாமல் டர்போ கார் வைத்திருக்கக் கூடாது.

ஆக்டேவியா ஆர்எஸ் பார்க்கப் போகிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

முதலில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். விற்பவருக்கு முன்கூட்டியே போன் செய்து, "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று சொல்லுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது முதல் இரண்டு மூன்று விநாடி சங்கிலி குலுங்குவதுபோல் சத்தம் கேட்டால் டைமிங் செயினையும் (வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் சங்கிலி) அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் பார்க்க வேண்டும். இந்த நோய் ஸ்கோடாவின் லாரா, பழைய சூப்பர்ப் காலத்து டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) என்ஜின்களில் அதிகம். ஆர்எஸ் 230-இல் உள்ள அடுத்த தலைமுறை என்ஜினில் குறைவு. இருந்தாலும் காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

ஆர்எஸ்-இல் கவனிக்க வேண்டிய பலவீனம் வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு. இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே மறைந்திருக்கும். சூடும் குளிர்ச்சியும் மாறி மாறிப் பட்டு நாளடைவில் கசியத் தொடங்கும். டார்ச் அடித்து அந்தப் பக்கம் பாருங்கள். கூலன்ட் கசிந்து காய்ந்திருந்தால் இளஞ்சிவப்பு நிறத்தில் உப்புப் படிந்தது போன்ற பொருக்கு தெரியும். கூலன்ட் டப்பாவில் அளவு குறைவாக இருந்து, "போன வாரம்தான் ஊத்தினேன்" என்று பதில் வந்தால் கசிவு இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு விலையைப் பேசுங்கள். இந்த வேலையை முன்பே செய்து, பில்லும் வைத்திருக்கும் கார் கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம்.

அடுத்தது கியர்பாக்ஸ். ஆர்எஸ் 230-இல் ஆறு கியர் டிஎஸ்ஜி, அதாவது இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக். இதன் கிளட்ச் ஆயிலில் மூழ்கியிருக்கும் வகை, அதனால் உழைப்பு நன்றாக இருக்கும். ஆனால் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அதன் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியே ஆக வேண்டும். மாற்றியதற்கு பில் கேளுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது, நின்ற இடத்திலிருந்து பிரேக்கை மட்டும் விட்டு மெல்ல நகரவிடுங்கள். துடிப்பு, இழுவை, தயக்கம் எதுவும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ரிவர்ஸில் மேடேற்றிப் பாருங்கள். இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கும்போது இடி விழுகிறதா என்று கவனியுங்கள்.

பெட்ரோல் நேரடியாக சிலிண்டருக்குள் மட்டும் பீய்ச்சப்படும் என்ஜினா என்று கேளுங்கள். அப்படியானால் இன்டேக் வால்வுகளை பெட்ரோல் கழுவாது, அவற்றின் மேல் கரி படியும். நகரத்துக்குள்ளேயே ஓடிய காரில் இது சீக்கிரம் சேரும். ஐடிலில் நடுக்கம், காலையில் ஸ்டார்ட் ஆனதும் மிஸ்ஃபயர் என்று காட்டும். கழற்றிச் சுத்தம் செய்யத் தெரிந்த ஒர்க்‌ஷாப் சென்னையிலும் கோவையிலும் உண்டு. பயந்து ஓட வேண்டிய விஷயம் இல்லை, பேரத்தில் சேர்க்க வேண்டிய விஷயம்.

ஆர்எஸ்-க்குப் பதில் ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ வாங்கினால் போதாதா?

180 பிஎஸ் உள்ள நல்ல கார், விலையும் குறைவு. ஆனால் அதில் ஏழு கியர் டிஎஸ்ஜி, உலர் கிளட்ச் வகை. அந்த கியர்பாக்ஸ் தாங்கும் முறுக்குவிசை 250 நியூட்டன் மீட்டர் என்பதால்தான் என்ஜினையே அந்த அளவுக்கு அடக்கி வைத்தார்கள். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து கிளட்ச் தேய்வதும், கியரை மாற்றும் மூளையான மெக்காட்ரானிக் யூனிட் பழுதாவதும் இந்த கியர்பாக்ஸின் பேர்போன குறைகள். தினசரி நகர ஓட்டம் என்றால் நான் ஆர்எஸ் பக்கம்தான் நிற்பேன். வேகத்துக்காக இல்லை, கியர்பாக்ஸுக்காக.

பிஎம்டபிள்யூவில் எது வாங்கலாம், எது வேண்டாம்?

பழைய 328ஐ விலை ஆசை காட்டும். 245 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம், ஓட்ட அருமையாக இருக்கும். ஆனால் அதில் உள்ள என்20 என்ஜினில் டைமிங் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடுகள் நொறுங்கும் பிரச்சினை உலகம் முழுக்கத் தெரிந்தது. 2015 தொடக்கம் வரை வந்தவற்றில் இது அதிகம். கைடு நொறுங்கினால் துண்டுகள் சம்ப்பில் (என்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) விழுந்து ஆயில் பம்ப் வரை போகும், என்ஜினே கையைவிட்டுப் போகலாம். செயின் கிட் மாற்றிய பில் இருந்தால் மட்டும் பாருங்கள்.

அதற்குப் பின் வந்த பி48, பி58 என்ஜின்கள் கெட்டியானவை. 330ஐ-யில் நான்கு சிலிண்டர் பி48, எம்340ஐ-யில் ஆறு சிலிண்டர் பி58. இரண்டிலும் எட்டு கியர் இசட்எஃப் ஆட்டோமேட்டிக். நெரிசலில் இந்த கியர்பாக்ஸின் மென்மைக்கு எந்த டிஎஸ்ஜியும் நிகரில்லை. ஆயில் ஃபில்டர் கூட்டின் கேஸ்கெட், வால்வு கவர் கேஸ்கெட் ஆகியவற்றில் கசிவு இருக்கிறதா, கூலன்ட் குறைகிறதா என்று பாருங்கள். வீட்டில் எல்லோரும் ஓட்டும் தினசரிக் கார் என்றால் எம்340ஐ-யைவிட நல்ல 330ஐ ஒன்றே போதும் என்பது என் தீர்மானமான கருத்து. எம்340ஐ-யில் முன் டயரும் பின் டயரும் வேறு வேறு அளவு. முன்னது பின்னது என்று மாற்றிப் போட்டு ஆயுளை நீட்ட முடியாது.

டயர் என்றதும் ஒன்று. பல பிஎம்டபிள்யூக்களில் காற்று போனாலும் ஓடும் ரன்-ஃப்ளாட் டயர் இருக்கும். பக்கச்சுவர் கனம், பள்ளத்தில் குலுக்கல் அதிகம். நான்கு டயரின் உள்பக்கச் சுவரையும் கையால் தடவிப் பாருங்கள். வீக்கம் தட்டுப்பட்டால் அந்த டயர் போயிற்று, அலாயும் வளைந்திருக்கலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய காரை எப்படிக் கண்டுபிடிப்பது?

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னை பேஸ்மென்ட்களில் மூழ்கிய விலையுயர்ந்த கார்கள் ஏராளம். இன்சூரன்ஸ் கம்பெனி முழு நஷ்டம் என்று தீர்த்த பிறகு அவை ஏலத்துக்குப் போகும். ஏலம் எடுத்தவர் சுத்தம் செய்து, பாலிஷ் போட்டு, வேறு மாநிலத்திலோ வேறு ஊரிலோ விற்பார். அதேபோல வேறு மாநில வெள்ளக் கார்கள் இங்கே வரும். பெர்ஃபார்மன்ஸ் கார்களில் எலக்ட்ரானிக்ஸ் அதிகம் என்பதால், மூழ்கிய காரை வாங்கினால் அதன் தொல்லை வாங்கிய நாளில் தெரியாது. ஆறு மாதம் கழித்து ஒவ்வொரு கனெக்டராகப் பச்சை பூத்துக்கொண்டு வரும்.

சமீபத்தில் ஒரு நண்பருக்காகப் பார்த்த கார் வெளியே கண்ணாடியாக மின்னியது. சீட், கார்பெட் எல்லாம் புதுவாசனை. பின்சீட்டு நடு பெல்ட்டை முடிவுவரை இழுத்தேன். கடைசி ஒரு சாண் அளவுக்கு நாடா விறைத்துப்போய், ஓரத்தில் மண் நிறக் கோடு ஓடியது. யாரும் அந்த பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துக் கழுவுவதில்லை. டிக்கியின் தரைப்பலகையைத் தூக்கினால் ஸ்டெப்னி குழியின் போல்ட்டுகளில் துரு. அதற்கு மேல் எதையும் பார்க்காமல் கிளம்பிவிட்டோம்.

நீங்களும் அதைச் செய்யுங்கள். ஐந்து பெல்ட்டையும் கடைசிவரை இழுங்கள். முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளி அதன் தண்டவாளத்தையும், அடியில் ஓடும் ஒயர் சாக்கெட்டுகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பிஎம்டபிள்யூவில் பேட்டரி டிக்கியில் இருப்பதால் அந்தப் பக்கத்து ஃபியூஸ் பெட்டியையும் பாருங்கள். ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு, ஏசி போட்டதும் சேற்று வாடை, கார்பெட்டுக்கு அடியில் உள்ள ஃபோமில் ஈரம் என்று ஏதாவது ஒன்று காட்டிக்கொடுக்கும்.

பேப்பரிலும் ஒரு தடயம் உண்டு. பழைய பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் எவ்வளவு என்று பாருங்கள். கிளெய்ம் இல்லாத வருஷங்களுக்கு அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். முதல் ஓனரிடம் ஐந்து வருஷமாக இருக்கும் காரின் பாலிசியில் போனஸ் பூஜ்யம் என்றால் கடந்த வருஷம் கிளெய்ம் போட்டிருக்கிறார். என்ன கிளெய்ம், எவ்வளவு தொகை என்று கேளுங்கள். போனஸ் ஆளைச் சேர்ந்தது, காரைச் சேர்ந்தது அல்ல என்பதால் இரண்டாவது ஓனரிடம் இந்தக் கணக்கு முழுதாகச் செல்லாது.

கிலோமீட்டரைக் குறைத்திருந்தால் தெரியுமா?

பெரும்பாலும் தெரியும். மீட்டர் போர்டில் உள்ள எண்ணை மாற்றுவது எளிது, காரின் மற்ற மூளைகளில் பதிந்ததை எல்லாம் மாற்றுவது எளிதில்லை. நல்ல ஸ்கேனர் போட்டால் பழைய ஃபால்ட் எந்தக் கிலோமீட்டரில் பதிவானது என்று கியர்பாக்ஸும் ஏபிஎஸ்ஸும் தனித்தனியாகச் சொல்லும். மீட்டரில் 48,000, கியர்பாக்ஸ் ஃபால்ட்டில் 71,000 என்று இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஷோரூமில் சேசிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் வரலாற்றைக் கேட்பது இன்னொரு வழி. ஓனரோடு போனால் காட்டுவார்கள்.

டயர் ஓரத்தில் உள்ள நான்கு இலக்கத்தையும் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் தயாரானது. 2021 மாடல், 30,000 கிலோமீட்டர் என்று சொல்லும் காரில் 2024 டயர் நான்கு போட்டிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும்.

ஸ்டேஜ் 1 செய்த கார் வாங்கலாமா?

தினசரி ஓட்டத்துக்கு வேண்டாம். ஸ்டேஜ் 1 என்பது என்ஜின் மென்பொருளை மாற்றி சக்தியைக் கூட்டுவது. செய்வது எளிது. ஆர்எஸ்-இல் கேபிள் செருகி ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை. அந்த சக்தியை வாங்கும் கிளட்ச், டர்போ, கூலிங் எல்லாம் அப்படியே இருக்கும். கவனமாகச் செய்து, முறையாக சர்வீஸ் செய்து ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வாங்குகிற உங்களுக்கு அந்தக் காரை யார், எப்படி ஓட்டினார் என்று தெரியாது.

"விற்பதற்கு முன் ஸ்டாக்குக்குத் திருப்பிவிட்டேன்" என்று சொல்வதும் முழு நிம்மதி தராது. ஸ்கோடாவும் சேர்ந்த ஃபோக்ஸ்வேகன் குழுமத்தில் மாற்றம் செய்த காரைக் கண்டுபிடித்தால் டிடி1 என்று ஒரு குறி போட்டுவிடுவார்கள். அதன் பிறகு அந்த சேசிஸ் நம்பருக்கு என்ஜின், கியர்பாக்ஸ் வாரன்டி கிடைக்காது. வாரன்டி மிச்சம் இருக்கிறது என்று சொல்லி விற்கும் காரில் இந்தக் குறி இருக்கிறதா என்று ஷோரூமில் கேட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு சக்தி போதவில்லை என்று உங்களுக்குத் தோன்றினால், இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலோ கோவை கரி ஸ்பீடுவேயிலோ ஒரு டிராக் டே போய்வாருங்கள். ஸ்டாக் காரையே முழுதாக ஓட்ட நமக்கு இன்னும் எவ்வளவு கற்க வேண்டும் என்று புரியும்.

டெல்லி, பெங்களூரு, பாண்டிச்சேரி நம்பர் வண்டி மலிவாக வருகிறதே?

டெல்லியில் பெட்ரோல் காருக்கு 15 வருஷம், டீசலுக்கு 10 வருஷம் என்ற கெடுபிடி வந்ததால் அங்கே விலை விழுந்தது. இங்கே கொண்டுவந்தால் என்ஓசி (பழைய ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று), மறுபதிவு, தமிழ்நாட்டு ஆயுள் வரி எல்லாம் சேரும். 2023 நவம்பரில் இருந்து இங்கே 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். வெளிமாநிலப் பழைய காருக்கு வயதுக்கு ஏற்பக் குறைத்து வாங்குவார்கள் என்றாலும், காரின் அசல் விலை பெரிது என்பதால் தொகையும் பெரிதாகவே வரும். பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அந்தப் பணத்தை நம்பி பட்ஜெட் போட வேண்டாம். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் நம்பர் மாற்றியே ஆக வேண்டும் என்பது சட்டம்.

பெங்களூரு கார்களில் நன்றாகப் பராமரித்தவை நிறைய உண்டு. வரிச் செலவையும் சேர்த்துப் பார்த்துக் கட்டுப்படியானால் வாங்கலாம். பாண்டிச்சேரி நம்பரில் கவனம் தேவை. வரி குறைவு என்பதற்காக, அங்கே குடியிராதவர்கள் ஏதோ ஒரு முகவரியில் பதிவு செய்த சொகுசுக் கார்கள் உண்டு. ஆர்சியில் உள்ள முகவரியும் ஆதார் முகவரியும் பொருந்தவில்லை என்றால் அந்த வில்லங்கம் பெயர் மாற்றும்போது உங்கள் தலையில் விழும்.

புரோக்கரிடம் வாங்குவதா, டீலரிடமா, ஓனரிடம் நேரடியாகவா?

ஓனரிடம் நேரடியாக. அவர் வீட்டுக்கே போய்ப் பாருங்கள். காரை எங்கே நிறுத்துகிறார், பில்களை எப்படி வைத்திருக்கிறார், குறையைக் கேட்டால் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். "இதுல இந்த புஷ் மாத்தணும் சார், நான் இன்னும் மாத்தல" என்று தானே சொல்பவரிடம் நான் பேரம் அதிகம் பேசுவதில்லை.

கம்பெனியின் சொந்த செகண்ட் ஹேண்ட் பிரிவில் விலை கூடுதல், ஆனால் வாரன்டி எழுத்தில் கிடைக்கும். மற்ற டீலர்கள் சொல்லும் "200 பாயின்ட் செக்கிங்" பேப்பரை மட்டும் நம்பாமல் உங்கள் மெக்கானிக்கை அழைத்துப்போங்கள்.

இ20 பெட்ரோல் போட்டால் என்ஜின் கெடுமா?

இ20 என்றால் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2023-க்கு முன் வந்த கார்களுக்கு இது நியாயமான கவலை. பெட்ரோல் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரிலும் கார் கையேட்டிலும் எத்தனை சதவீத எத்தனால் வரை தாங்கும், எத்தனை ஆக்டேன் வேண்டும் என்று போட்டிருக்கும். அதை முதலில் பாருங்கள். எத்தனாலில் சக்தி குறைவு என்பதால் மைலேஜ் சற்றுக் குறையும். மாதக்கணக்கில் ஓட்டாமல் டேங்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காமல் இருப்பது நல்லது. தினமும் ஓடும் காருக்கு அந்தப் பிரச்சினை வராது.

ஷோரூம் சர்வீஸா, வெளி ஒர்க்‌ஷாப்பா?

வாரன்டி இருக்கும்வரை ஷோரூம். அதன் பிறகு, அந்த பிராண்டை மட்டும் பார்க்கும், சரியான ஸ்கேனர் வைத்திருக்கும் வெளி ஒர்க்‌ஷாப். காரை வாங்கிவிட்டு ஒர்க்‌ஷாப் தேடாதீர்கள். முதலில் ஒர்க்‌ஷாப்பைப் பிடியுங்கள், அங்குள்ள மெக்கானிக்கிடமே எந்தக் கார் வாங்கலாம் என்று கேளுங்கள். உங்கள் ஊரிலோ ஒரு மணி நேரத் தூரத்திலோ அப்படி ஒருவர் இல்லை என்றால் அந்த பிராண்டைத் தினசரிக் காராக வாங்க வேண்டாம். தேனியிலோ ராமநாதபுரத்திலோ இருந்துகொண்டு செக் என்ஜின் லைட் எரியும்போதெல்லாம் மதுரைக்கு லாரியில் ஏற்ற முடியாது.

பேப்பர் வேலையில் எதைத் தவறவிடக் கூடாது?

லோன் இருந்த காரா என்று ஆர்சியில் ஹைப்போ வரியை (கடன் கொடுத்தவர் பெயர் பதிந்திருக்கும் வரி) பாருங்கள். கடன் முடிந்திருந்தாலும் ஃபார்ம் 35 கொடுத்து ஆர்டிஓவில் நீக்கினால்தான் அது போகும். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும். பரிவாகன் தளத்தில் பாக்கி சலான் இருக்கிறதா என்று பாருங்கள், இந்த வகைக் கார்களில் ஸ்பீடு சலான் இல்லாதது அபூர்வம். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வங்கி வழியாகவே கொடுங்கள்.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பலர் இதைத்தான் மறக்கிறார்கள். மூன்றாம் நபர் பாதுகாப்பு காரோடு வந்துவிடும், ஆனால் உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்குப் பழைய ஓனர் பெயரில் உள்ள பாலிசியில் கிளெய்ம் கேட்டால் நிராகரித்துவிடுவார்கள்.

வீட்டில் இருப்பது ஒரே கார் என்றால்?

அப்போது வாங்க வேண்டாம் என்பேன். ஒரு உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர மூன்று வாரம் ஆகலாம். அந்த மூன்று வாரம் பிள்ளைகளைப் பள்ளிக்கு எதில் கொண்டுபோவது? வீட்டில் இன்னொரு சின்ன வண்டியோ, பக்கத்திலேயே மெட்ரோவோ இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஒரே கார்தான், அதுவும் விறுவிறுப்பாக இருக்க வேண்டும் என்றால் ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ் 1.5 மேனுவல், அல்லது ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஹூண்டாய் வெர்னா டர்போ பாருங்கள். 150, 160 பிஎஸ் நம் சாலைக்கு ஏராளம். பாகங்களும் எளிதாகக் கிடைக்கும்.

வாங்கிய முதல் வாரத்தில் என்ன செய்ய வேண்டும்?

விற்றவர் எப்போது மாற்றினேன் என்று சொன்னாலும் சரி, என்ஜின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். கம்பெனி சொன்ன கிரேடு ஆயில்தான் ஊற்ற வேண்டும். கம்பெனி அட்டவணை 15,000 கிலோமீட்டர் என்று இருந்தாலும் நெரிசலில் ஓடும் டர்போவுக்கு நான் 7,500-க்கு ஒருமுறை மாற்றச் சொல்வேன். பிரேக் ஆயில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது, கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் மாற்றியிருக்க மாட்டார்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். பிஎம்டபிள்யூவில் பேட்டரி மாற்றினால் ஸ்கேனரில் புது பேட்டரி என்று பதிவு செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பழைய பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதுபோலவே ஏற்றி அதையும் சீக்கிரம் கெடுக்கும்.

இரண்டு சாவியும் வந்ததா, சக்கரத் திருட்டைத் தடுக்கும் வீல் லாக் போல்ட்டுக்கான சாவி டூல்கிட்டில் இருக்கிறதா என்று கார் கைமாறும் அன்றே பாருங்கள். இந்த வீல் சாவி இல்லாமல் பஞ்சர் ஆன இரவில் உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தால், எந்தப் பஞ்சர் கடைக்காரராலும் சக்கரத்தைக் கழற்ற முடியாது.